பிரிட்டனைச் சுற்றிய கடலில் போர் விமானங்களைத் தேடுவது: கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் கரையோரக் கடலில் விழுந்த விமானங்களைத் தேடுவது பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: கென்ட் கரையில் சிறு படகு ஒன்று இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது சார்?

படகு இப்போதைக்குக் கரையிலேயே இருக்கட்டும். தேடல் தோற்பது பெரும்பாலும் கடலில் அல்ல, மேசையில்தான். தவறான சதுரத்தில் எவ்வளவு நல்ல சோனாரை (ஒலியால் கடல்தரையைப் படமெடுக்கும் கருவி) இழுத்தாலும் மணல்தான் தெரியும்.

பிரிட்டிஷ் விமானம் என்றால் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏஐஆர் 27 வரிசையைப் பாருங்கள். இவை ஸ்குவாட்ரன்களின் (விமானப் படைப்பிரிவுகளின்) செயல்பாட்டுப் பதிவேடுகள். அதில் படிவம் 540 நாள்வாரிச் சுருக்கம். படிவம் 541-இல்தான் எந்த விமானம், யார் ஓட்டினார், எத்தனை மணிக்குக் கிளம்பியது என்பது இருக்கும். அடுத்து ஏஐஆர் 81, உயிரிழப்புக் கோப்புகள். நேரில் கண்டவர் வாக்குமூலமும் மீட்புப் படகின் தந்தியும் சில சமயம் இதற்குள் கிடைக்கும். விபத்து என்றால் ஹெண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தின் படிவம் 1180 அட்டைகள். அமெரிக்க விமானம் என்றால் 1943 முதல் தொகுக்கப்பட்ட, எம்ஏசிஆர் எனப்படும் காணாமற்போன விமானக்குழு அறிக்கைகள். உயிர்காப்புப் படகு நிலையங்களின் பதிவுகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடலில் ஓர் இடத்தைச் சரியாகக் குறிக்கத் தெரிந்தவர்கள் எழுதியது என்பதால் நான் அவற்றுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

கேள்வி: அறிக்கையில் "கரையிலிருந்து 10 மைல், திசை 120 டிகிரி" என்று இருக்கிறது. அப்படியே வரைபடத்தில் குறிக்கலாமா?

கூடாது. முதலில் எந்த மைல் என்று பாருங்கள். 10 கடல்மைல் 18.5 கிலோமீட்டர், 10 தரைமைல் 16.1 கிலோமீட்டர். அங்கேயே 2.4 கிலோமீட்டர் இடைவெளி.

அடுத்தது திசை, உண்மை வடக்கிலிருந்தா காந்த வடக்கிலிருந்தா என்பது. 1940-இல் தென்கிழக்கு இங்கிலாந்தில் இந்த இரண்டுக்கும் இடையிலான கோணம், அதாவது காந்த விலக்கம், சுமார் 10 டிகிரி மேற்கு. இன்று ஏறத்தாழ சுழி. 10 கடல்மைல் தூரத்தில் 10 டிகிரி பிசகினால் இடம் 3 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போகும்.

நேரத்தில்தான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். 1940 ஆகஸ்டில் பிரிட்டிஷ் கடிகாரம் கிரீன்விச் நேரத்துக்கு 1 மணி முன்னே, ஜெர்மன் கடிகாரம் 2 மணி முன்னே. 1941 முதல் கோடையில் பிரிட்டனும் 2 மணி முன்னே வைத்துக்கொண்டது, குளிர்காலத்தில் 1 மணி. இரு தரப்பு அறிக்கைகளையும் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள். ஓதக் கணக்கில் (கடல் ஏற்ற இறக்கக் கணக்கில்) ஒரு மணி தவறினால் நீரோட்டத்தின் திசையே எதிர்ப்பக்கம் ஆகிவிடலாம்.

கடைசியாக வரைபடத்தின் ஆயங்கள் எந்த அடிப்படையில் அளக்கப்பட்டவை என்பது. பழைய பிரிட்டிஷ் வரைபடத்தின் ஆயங்களை மாற்றாமல் இன்றைய ஜிபிஎஸ்ஸில் தட்டினால் 100 மீட்டர் அளவுக்கு விலகும். சோனாருக்கு இது பெரிய தூரமில்லை. கயிறு கட்டி இறங்கும் முக்குளிப்பவருக்கு இது வேறு ஊர்.

கேள்வி: விமானியைக் கடலிலிருந்து மீட்ட இடம் துல்லியமாகத் தெரியும். விமானமும் அங்கேதானே இருக்கும்?

இல்லை. பாரசூட்டில் குதித்தவரை விட்டு விமானம் பல கிலோமீட்டர் பறந்து போயிருக்கலாம். ரப்பர்ப் படகில் மிதந்தவர் என்றால் நீரோட்டத்தையும் காற்றையும் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். டோவர் நீரிணையில் ஓட்டம் 3 நாட் (மணிக்கு 3 கடல்மைல்) வரை போகும். இரண்டு மணி நேரம் மிதந்தாலே 10 கிலோமீட்டர் நகர்ந்திருக்கலாம். விமானமே கடலில் இறங்கி மூழ்கியதைப் படகிலிருந்தோ கரையிலிருந்தோ பார்த்தவர் சாட்சி இருந்தால் மட்டுமே அந்த இடம் நம்பத்தக்கது.

கேள்வி: ஒரு மீனவர் தன் வலை மாட்டும் இடத்தை டெக்கா எண்களில் கொடுத்தார். பயன்படுமா?

தங்கம். வாங்கிக்கொள்ளுங்கள். கப்பல்கள் வானொலி அலைகளால் இடமறிய உதவிய டெக்கா வழிகாட்டு முறை பிரிட்டனில் 2000-இல் நிறுத்தப்பட்டது. எண்களை அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்றினால் பகலில் குறித்தது 50 முதல் 200 மீட்டர் பிழையோடு வரும், இரவில் குறித்தது அதைவிட மோசம். எனவே அதைப் புள்ளியாக எண்ணாமல் 500 மீட்டர் பக்கமுள்ள சதுரமாக எடுத்துக்கொள்ளுங்கள். வலையில் அலுமினியத் துண்டு வந்ததா, எந்தத் திசையில் இழுத்தபோது வந்தது என்றும் கேளுங்கள். இழுவலை துண்டுகளைத் தன் போக்கில் இழுத்துப் போட்டிருக்கும். மையச் சிதைவு அதற்கு எதிர்த்திசையில் இருக்கும்.

கேள்வி: சைடு ஸ்கேன் சோனார் அமைப்பைச் சொல்லுங்கள். எவ்வளவு நாள் ஆகும்?

400 கிலோஹெர்ட்ஸோ அதற்கு மேலோ. 100 கிலோஹெர்ட்ஸ் கப்பலுக்குப் போதும். விமானத்தில் உயர்ந்து நிற்பது பெரும்பாலும் இரண்டு மீட்டர் நீள இன்ஜின் மட்டும்தான். பக்கத்துக்கு 75 மீட்டர் வீச்சு, படகு இழுக்கும் கருவி தரையிலிருந்து 8 முதல் 10 மீட்டர் உயரம், வேகம் 4 நாட். இந்த வீச்சில் நொடிக்குப் பத்து ஒலித் துடிப்பு போகும். 4 நாட்டில் 20 சென்டிமீட்டருக்கு ஒரு துடிப்பு, இன்ஜின் மேல் பத்து விழும். அவசரப்பட்டு 8 நாட்டில் இழுத்தால் ஐந்துதான் விழும், பாறை என்று தாண்டிவிடுவீர்கள்.

கருவிக்கு நேர்கீழே ஒரு குருட்டுப் பட்டை உண்டு. தடங்களை (படகு போய்வரும் கோடுகளை) 60 மீட்டர் இடைவெளியில் போட்டால் பக்கத்துத் தடம் அதை மூடிவிடும். 4 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரத்துக்கு 67 தடங்கள், 268 கிலோமீட்டர். 4 நாட் என்றால் 36 மணி நேரம். ஒவ்வொரு திருப்பத்துக்கும் 8 நிமிடம் வைத்தால் இன்னும் 9 மணி. நாளுக்கு 7 மணி வேலை நடந்தால் கிட்டத்தட்ட ஒரு வாரம், அதுவும் அலை அடங்கியிருந்தால். சதுரம் 8 கிலோமீட்டர் ஆனால் நான்கு மடங்கு. ஆவணத்தில் ஒரு மாதம் உட்காரச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

தடங்களை நீரோட்டத்துக்கு இணையாகப் போடுங்கள். குறுக்கே போனால் கருவி பக்கவாட்டில் நகர்ந்து படம் கோணும். கருவி படகுக்குப் பின்னால் 50, 60 மீட்டரில் வருகிறது என்பதையும் ஆயத்தில் கழிக்க வேண்டும். சந்தேகமான புள்ளியை எதிரெதிர்த் திசையில் இருமுறை ஓட்டி, இரண்டின் நடுவை எடுத்தால் அந்தப் பிழை பெருமளவு அழிந்துவிடும்.

செலவுக்கு முன் டான்டனில் உள்ள நீரியல் அலுவலகத்தின் சிதைவுப் பட்டியலையும், இலவசமாகக் கிடைக்கும் பன்முகக் கதிர் (பல ஒலிக்கதிர்களால் கடல்தரையை அளக்கும்) ஆழ அளவீடுகளையும் பாருங்கள். யாரோ ஏற்கெனவே அளந்த தரையில் அடையாளம் காணாத ஒரு மேடாக அது இருக்கலாம். லீ-ஆன்-சோலன்ட் அருகே ஃபேரி பாரகுடா கடற்படை விமானம் ஒன்று 2018-இல் கண்டுபிடிக்கப்பட்டது பிரான்ஸுக்கு மின்கம்பி பதிப்பதற்கான ஆய்வில்தான்.

கேள்வி: விமானம் அலுமினியம். மேக்னட்டோமீட்டர் வீண்தானே?

இரும்பின் காந்தத்தைக் காட்டும் கருவி அது. அலுமினியம் தெரியாது, கிராங்க் தண்டு, சிலிண்டர் உறைகள், சக்கரக் கால்கள், துப்பாக்கி, கவசத் தகடு தெரியும். ஒற்றை இன்ஜின் போர் விமானத்தில் 250 கிலோ இரும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 மீட்டர் தூரத்தில் சுமார் 12 நானோடெஸ்லா (காந்தப்புல அளவு) காட்டும். 12 மீட்டரில் ஒன்றரைதான், அது படகின் இரைச்சலிலேயே மறைந்துவிடும். தூரம் இரட்டித்தால் குறி எட்டில் ஒரு பங்காகும். ஆகவே கருவியைத் தரையிலிருந்து 4 மீட்டரில் பிடித்து, 12 மீட்டர் இடைவெளியில் தடம் போட வேண்டும். பெரிய பரப்புக்கு இது கட்டுப்படியாகாது. மணலில் புதைந்து சோனாருக்குத் தெரியாத விமானத்துக்கு வேறு வழியும் இல்லை. கென்ட் கரைக்கு எதிரே உள்ள குட்வின் மணல்திட்டில் ஒரு வருடம் வெறும் மணலாக இருந்த இடம் அடுத்த வருடம் திறந்து கிடக்கும்.

கேள்வி: இறங்கிப் பார்த்தாச்சு, ஒரு இறக்கையும் இன்ஜினும் தெரியுது. எந்த விமானம்னு எப்படிச் சொல்றது?

நாடா வைத்து அளக்க முடிந்தால் இறக்கை விரிவு முதல் சல்லடை: ஸ்பிட்ஃபயர் 11.2 மீட்டர், ஹரிகேன் 12.2, டோர்னியர் 17 சரியாக 18, யுங்கர்ஸ் 88 ஏ-4 20, ஹைன்கெல் 111 22.6, லாங்காஸ்டர் 31.1, பி-17 31.6. கடைசி இரண்டையும் நாடாவால் பிரிக்க முடியாது, இன்ஜின் பிரித்துவிடும். பி-17-இல் ஒன்பது சிலிண்டர் வட்ட இன்ஜின், லாங்காஸ்டரில் வி-12 மெர்லின். ஆனால் லாங்காஸ்டர் மார்க் 2-இல் பதினான்கு சிலிண்டர் ஹெர்குலிஸ் வட்ட இன்ஜின். அதற்கு ஸ்லீவ் வால்வு என்பதால் சிலிண்டர் தலையில் தள்ளுதண்டுகள் இருக்காது.

மெர்லினில் சிலிண்டர்கள் மேல்நோக்கி. ஜெர்மன் இன்ஜின்களான டிபி 601, யூமோ 211 இரண்டிலும் கீழ்நோக்கி. இதை வைத்து முடிவு செய்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: விமானமே தலைகீழாகக் கிடக்கலாம். சக்கரக் குழி மேலே பார்க்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள்.

கேள்வி: ஒரு சின்னத் தகடு எடுத்து வந்தால் பாகஎண் படிக்கலாமே?

எடுத்தால் குற்றம். 1986-ஆம் ஆண்டின் இராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டப்படி பிரிட்டன் கடல் எல்லைக்குள் உள்ள எல்லா இராணுவ விமானச் சிதைவும், எந்த நாட்டுடையதானாலும், தானாகவே பாதுகாக்கப்பட்டது. தனி அறிவிப்பு தேவையில்லை. இறங்கிப் பார்க்கலாம், படம் எடுக்கலாம். நகர்த்துவது, தோண்டுவது, எடுப்பது எல்லாம் பாதுகாப்பு அமைச்சக உரிமம் இருந்தால்தான். மனித எச்சமோ வெடிக்காத குண்டோ இருக்கும் என்று தோன்றினால் பொதுவாக உரிமம் தரமாட்டார்கள். படகிலிருந்து எதையும் தூக்குவதற்கு இங்கிலாந்தில் கடல் உரிமமும் தனியாக வேண்டும்.

எண்ணைப் படிக்கச் சுரண்டாதீர்கள். பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பல கோணத்தில் படம் எடுத்தால் அழுத்திய எழுத்து நிழலில் தெரியும். குண்டு, ஆழ்வெடி, அழுத்தச் சிலிண்டர், எதுவானாலும் கை படாமல் மேலே வந்து கடலோரக் காவலுக்குச் சொல்லுங்கள். ஒளிரும் கடிகார முகப்புகளில் ரேடியம் பூச்சு உண்டு, அதையும் தொடாதீர்கள்.

கேள்வி: எலும்பு தெரிந்தால்?

உடனே நிறுத்துங்கள். படத்தைப் பொதுவில் போடாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு காவல்துறைக்கும், அமைச்சகத்தின் கூட்டு இழப்பு மற்றும் பரிவு மையத்துக்கும் தெரிவியுங்கள்.

கேள்வி: அந்த மையமே தேடித் தராதா? என் கணவரின் தாத்தா இன்னும் காணாமற்போனவர் பட்டியலில்தான் இருக்கிறார்.

தேடமாட்டார்கள். யாராவது கண்டுபிடித்தால் அடையாளம் காண்பது, அடக்கம் செய்வது அவர்கள் பொறுப்பு. அமெரிக்கா நேர்மாறு: காணாமற்போன வீரர்களுக்கென்றே ஓர் அமைப்பு வைத்துப் பிரிட்டன் கடலிலும் தேடுகிறது. தாத்தாவின் பெயர், கல்லறை தெரியாத விமானப்படையினருக்கான ரன்னிமீட் நினைவிடத்தில் இருக்கும். 20,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் அங்கே உள்ளன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத் தளத்தில் தேதியையும் ஸ்குவாட்ரன் எண்ணையும் எடுத்துக்கொண்டு ஏஐஆர் 81-க்குப் போங்கள் அம்மா.

கேள்வி: டோர்னியரைத் தூக்கினார்களே, மற்றவற்றை ஏன் தூக்குவதில்லை?

1940 ஆகஸ்ட் 26-இல் குட்வின் மணல்திட்டில் விழுந்த அந்த ஜெர்மன் குண்டுவீச்சு விமானம் 2013 ஜூன் 10-இல் மேலே வந்தது. சட்டகம் ஒன்றைச் சுற்றிக் கட்டித் தூக்கும் திட்டம் வானிலையால் கைவிடப்பட்டு, கயிறுகளை விமானத்திலேயே கட்டித் தூக்கினார்கள். தூக்கியது ஒரு நாள் வேலை. அலுமினியத்துக்குள் ஊறிய குளோரைடு காற்று பட்டதும் உலோகத்தைத் தின்னும் என்பதால், காஸ்ஃபோர்டில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வைத்து, சோடியம் ஹைட்ராக்சைடால் அமிலத்தன்மையைச் சரிக்கட்டிய சிட்ரிக் அமிலக் கரைசலை மாதக்கணக்கில் தெளிக்க வேண்டியிருந்தது. அந்த வசதியும் பணமும் கையில் இல்லாமல் தூக்கினால் சில ஆண்டுகளில் வெள்ளைப் பொடிதான் மிஞ்சும். என் கருத்தில் பெரும்பாலானவை கிடக்கும் இடத்திலேயே இருப்பது நல்லது.

கேள்வி: ஏமி ஜான்சனின் விமானத்தைத் தேடலாமா?

புகழ்பெற்ற பிரிட்டிஷ் பெண் விமானியான அவர் ஓட்டி, 1941 ஜனவரி 5-இல் ஹெர்ன் பே அருகே தேம்ஸ் முகத்துவாரத்தில் விழுந்த ஏர்ஸ்பீடு ஆக்ஸ்ஃபோர்டு அது. மரத்தால் ஆன உடல். மரம் போய்விட்டால் மிஞ்சுவது இரண்டு வட்ட இன்ஜின்களும் கொஞ்சம் இரும்பும், அதுவும் சேற்றுக்குள். முதல் தேடலுக்கு இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கேள்வி: எந்த மாதம், எந்த நாள் நல்லது?

மே முதல் செப்டம்பர். ஆனால் மே, ஜூனில் மிதவை உயிரி பெருகி நீர் கலங்கும். சோனாருக்குக் கவலையில்லை, முக்குளிக்க ஜூலைக்குப் பிறகு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் வலுக்கும். அஷ்டமிக்கு ஓரிரு நாள் கழித்து மிகவும் தணியும். முக்குளிப்பை அந்த வாரத்தில் வையுங்கள். அப்போதும் நீர் நிற்பது அரை மணி நேரம் போலத்தான். ஓட்டம் தணியத் தொடங்கும்போதே கயிற்றில் இறங்கி, மறுபடி இழுக்கத் தொடங்கும் முன் மேலே வந்துவிடுங்கள்.