அம்மாவுக்கு, அக்காவுக்கு, இப்ப எனக்குமா?

கேள்வி: எங்கம்மாவுக்கு 45 வயசுல பித்தப்பைய எடுத்தாங்க, போன வருஷம் அக்காவுக்கும் எடுத்தாச்சு, அம்மாவுக்கு சுகர் வேற. எனக்கு 33, வலி ஒண்ணுமில்ல, வேற எதுக்கோ ஸ்கேன் எடுத்தப்ப கல்லு இருக்குன்னுட்டாங்க. இப்பவே ஆபரேஷன் பண்ணிடணுமா டாக்டர்? என் பொண்ணுக்கும் வருமா?
- வாசகி, நாமக்கல்

பதில்: பயப்படாதீங்கம்மா. வலியே இல்லாத கல்லுக்கு பெரும்பாலும் ஆபரேஷன் தேவையில்ல, நிறைய பேருக்கு அது வாழ்நாள் பூரா சும்மாவே கெடக்கும்.

குடும்பத்துல வர்றது உண்மைதான். ஸ்வீடன்ல 43 ஆயிரம் ஜோடி இரட்டையர்கள வச்சு பாத்து 2005ல சொன்னாங்க, இதுல ஜீனோட பங்கு சுமார் 25 சதவீதம், மிச்சம் நம்ம சாப்பாடு, எடை, சூழ்நிலைன்னு. ஈரல்ல இருந்து கொழுப்ப பித்தநீருக்குள்ள தள்ளிவிடுற ஒரு பம்ப் இருக்கு, அதோட ஜீன்ல (ஏபிசிஜி8) சின்ன மாத்தம் இருந்தா பம்ப் கொஞ்சம் அதிகமா தள்ளும், பித்தநீர்ல கொழுப்பு கரையாம படிஞ்சு கல்லாகும். உடம்புல இன்சுலின் சரியா வேல செய்யலன்னாலும் இதே கததான், அதனாலதான் சுகர், ஃபேட்டி லிவர், தொப்பை, பித்தக்கல் எல்லாம் ஒரே வீட்டுல சேந்து சேந்து நிக்குது. உங்க கல்ல விட எனக்கு கவலை இதுலதான், சுகர், ட்ரைகிளிசரைட் (ரத்தத்துல இருக்குற ஒரு வகை கொழுப்பு) ரெண்டையும் இந்த மாசமே பாத்துடுங்க.

எடை குறைக்கணும்னா மெதுவா குறைங்க, பட்டினி கெடந்து மாசத்துக்கு ஏழெட்டு கிலோ இறக்குனா கல்லு இன்னும் கூடத்தான் செய்யும். அப்புறம் ஆலிவ் ஆயில்ல எலுமிச்சை சாறு கலந்து குடிச்சா கல்லு வெளிய வந்துடும்னு வாட்ஸ்அப்ல வருதே, தயவுசெஞ்சு வேண்டாம், வெளிய வர்ற பச்ச உருண்டை அந்த எண்ணெயும் சாறும் குடலுக்குள்ள சேந்து சோப்பு மாதிரி கட்டுனது, கல்லு உள்ள அப்படியேதான் இருக்கும்.

பொண்ணுக்கு வரும்னு இப்பவே முடிவு கட்டாதீங்க, ஸ்கேனும் வேண்டாம். ஆனா உங்க வீட்டுல யாருக்காவது சின்ன வயசுலயே கல்லு, கூடவே ரத்தசோகை, அடிக்கடி கண்ணு மஞ்சளாகுறதுன்னு இருந்தா அது வேற வகை, ரத்த அணு சீக்கிரம் உடையுற பரம்பரை நோயா இருக்கலாம் (நீலகிரி பழங்குடி மக்கள்கிட்ட இருக்குற சிக்கிள் செல் மாதிரி), அப்ப பொண்ணுக்கு ரத்தப் பரிசோதனை பண்ணியே ஆகணும்.

உங்களுக்கு வலது விலாவுக்குக் கீழ மணிக்கணக்கா விடாத வலி, காய்ச்சல், காமாலை இதுல எது வந்தாலும் ராத்திரின்னு பாக்காம கிளம்பிடுங்க.