பிள்ளையைப் பிடித்து அடக்கப் பள்ளி அனுமதி கேட்டால்

அன்புச் சகோதரருக்கு,

பேச்சு வராத ஆட்டிச மகனுடன் அமெரிக்காவுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், வீடு, காப்பீடு பற்றிக் கேட்டதோடு, 'தேவைப்பட்டால் மாணவனைப் பிடித்து அடக்கலாம்' என்று பள்ளி ஐ.இ.பி. எனப்படும், உங்கள் மகனுக்கான தனிக் கல்வித் திட்டத்தில் எழுதியிருப்பதை ஏற்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீடும் காப்பீடும் அலுவலக நண்பர்கள் சொல்லித் தெரிந்துகொள்ளக் கூடியவை. அந்த வரியை மட்டும் ஏற்காதீர்கள். பேச்சுப் பயிற்சி முதலிய மற்ற சேவைகள் தடைபடாதபடி அவற்றுக்கு ஒப்புதல் தந்துவிட்டு, இதற்கு உடன்படவில்லை என்பதை எழுத்தில் கொடுங்கள்.

பள்ளிகளில் மாணவரை அடக்குவதையும் தனியறையில் அடைப்பதையும் நாடு முழுவதற்குமாகக் கட்டுப்படுத்தும் சட்டம் இங்கே இல்லை. அதற்காக 2010இல் நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய மசோதா சட்டமாகவில்லை. ஜார்ஜியா மாநிலம் அதே ஆண்டில் தனியறையில் அடைப்பதைத் தடை செய்தது. கலிபோர்னியாவில் இத்தகைய சம்பவத்தை ஒரு பள்ளி நாளுக்குள் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலங்களில் விதிகள் வேறு. உடனடியான, கடுமையான உடல் ஆபத்து இருந்தாலன்றி இவற்றைக் கையாளக் கூடாது, தண்டனையாக ஒருபோதும் கூடாது என்று மத்தியக் கல்வித் துறை 2012இல் வெளியிட்ட வழிகாட்டலைக் கூட்டத்தில் எடுத்துக்காட்டுங்கள். 2017-18 கணக்கெடுப்பில், சிறப்புக் கல்வி பெறுவோர் மொத்த மாணவரில் சுமார் 13 சதவீதமே. பிடித்து அடக்கப்பட்டவர்களிலோ அவர்கள் 80 சதவீதம். குப்புறக் கிடத்தி அழுத்தினால் மூச்சடைத்து உயிரே போகலாம். மூச்சு முட்டுகிறது என்று சொல்லவும் உங்கள் மகனுக்குப் பேச்சில்லை.

"விசாவில் இருக்கிறோம், பள்ளியோடு மோதாதே" என்று நம்மவர்கள் அறிவுரை சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். இந்தப் பயத்தால் கூட்டத்தில் தலையாட்டிவிட்டு வருகிற பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. சிறப்புக் கல்விச் சட்டம் தரும் உரிமைக்கும் உங்கள் விசாவுக்கும் தொடர்பே இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக வாதாடும் அமைப்பும், பெற்றோருக்குப் பயிற்சி தரும் மையமும் ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கின்றன. கேட்க வேண்டிய எதையும் தொலைபேசியில் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள். இந்தப் பழக்கத்தை இங்கே வந்துதான் கற்றேன். இது என்னை ஒருமுறையும் கைவிட்டதில்லை.

என் மகனின் மேற்கையில் விரல் பதிந்த தடங்களைக் குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன். மெத்தை பதித்த சிறு அறையில் அவனை அடைத்துவந்ததைப் பள்ளி எனக்குத் தெரிவிக்கவே இல்லை. பதிவேடுகளை எழுத்தில் கேட்டு வாங்கிப் படித்தபோது, அநேகமாக எல்லாச் சம்பவங்களும் மதிய உணவு மணி அடித்த பிறகு, வரிசையில் நிற்கும் நேரத்திலேயே நடந்திருந்தன. நடத்தைக்கான காரணத்தை ஆராயும் மதிப்பீட்டைக் கோரினேன். நீங்களும் அதையே கோருங்கள். மணியோசையும் நெரிசலும் அவனால் தாங்க முடியாதவை என்று தெரிந்ததும், மணிக்குச் சற்று முன்பே அவனை உணவுக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். 'வெளியே போக வேண்டும்' என்பதைக் காட்டப் படஅட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். முதலில் அவன் அதைத் தூக்கி எறிந்தான். பிறகு தானே எடுத்து நீட்டத் தொடங்கினான், அவன் அடிப்பதும் குறைந்தது. ஆசிரியர் மாறும்போது புதியவருக்கு இது எதுவும் தெரிவதில்லை என்பதால், ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும் அந்த அட்டையைத் திட்டத்தில் மறுபடி எழுதவைக்கிறேன்.