பின்னால் வந்து கைநாட்டு வைத்தவர்கள்

கேள்வி: கனடாவில் சாஸ்கட்டூனில் என் மகன் வேலை பார்க்கிறான். அங்கே எந்தக் கூட்டமானாலும் "இது உடன்படிக்கை 6-இன் நிலம்" என்று சொல்லித்தான் தொடங்குகிறார்களாம். 1876-இல் கையெழுத்தாகி முடிந்த அந்த உடன்படிக்கையில் 1889-லும் 1950-லும்கூடச் சில பூர்வகுடிகள் சேர்ந்தார்கள் என்கிறான். அது எப்படி? அவர்களுக்கு என்ன கிடைத்தது?

பதில்: மகன் சொல்வது சரிதான். உடன்படிக்கை 6 என்பது கனடா அரசுத் தரப்புக்கும் கிரீ முதலிய பூர்வகுடி மக்களுக்கும் இடையே ஏற்பட்ட நில ஒப்பந்தம். 1876 ஆகஸ்டில் கார்ல்டன் கோட்டையிலும் செப்டம்பரில் பிட் கோட்டையிலும் பேச்சு நடந்தபோது எல்லாக் குழுக்களும் வரவில்லை. வந்தவர்களிலும் சிலர் மறுத்தார்கள். அவர்களுக்காகப் பிற்பாடு எழுதியவை இணைப்புப் பத்திரங்கள். 'பழைய விதிகளைப் படித்து விளக்கினார்கள், ஏற்கிறோம், நிலத்தின் மீதுள்ள உரிமையை விட்டுத்தருகிறோம்' என்பதுதான் அதன் சாரம். கீழே தலைவரின் குறி, மொழிபெயர்ப்பாளர் பெயர், சாட்சிகள். விதிகளைப் பேரம் பேசி மாற்ற அநேகமாக இடமே இல்லை.

இதில் இரண்டு வகை உண்டு. எல்லைக்குள் வாழ்ந்தும் கையெழுத்திடாதவர்கள் சேர்வது ஒன்று. 1889-இல் மான்ட்ரியல் ஏரி, லாக் லா ரோன்ஜ் கிரீ மக்கள் சேர்ந்தது மற்றொன்று. அவர்கள் நிலம் பழைய எல்லைக்கு வடக்கே இருந்ததால், நம்மூர்ப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவதுபோலப் புது எல்லையும் எழுத வேண்டியிருந்தது.

மனமுவந்து சேர்ந்தார்களா என்றால், கிரீ தலைவர் பிக் பேரைப் பாருங்கள். ஆறு ஆண்டுகள் மறுத்தார். 1879 வாக்கில் அவர்கள் உணவுக்கு நம்பியிருந்த காட்டெருமை மந்தைகள் அழிந்தன. சேராதவர்களுக்கு அரசு ரேஷனை நிறுத்தியது. 1882 டிசம்பர் 8 அன்று வால்ஷ் கோட்டையில் அவர் குறி வைத்தார். பசியைக் காட்டி வாங்கிய சம்மதத்தைச் சம்மதம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

கிடைத்தவை: ஆளுக்கு ஆண்டுக்கு 5 டாலர் (இன்றும் அதே 5 டாலர்தான்!), ஐந்து பேர் குடும்பத்துக்கு 640 ஏக்கர் என்ற கணக்கில் குழுவுக்கென ஒதுக்கு நிலம், மூன்று குடும்பத்துக்கு ஒரு கலப்பை, பஞ்சகால உதவி, அரசு முகவர் வீட்டில் ஒரு மருந்துப் பெட்டி. விட்டுக்கொடுத்ததோ எல்லைக்குள் இருந்த நிலம் மட்டுமல்ல; 'வேறெங்கு இருந்தாலும்' மற்ற நிலங்களும் என்று ஒரு வரி உள்ளே இருக்கிறது. பூர்வகுடிப் பெரியவர்களோ, கலப்பை இறங்கும் ஆழத்துக்கு மேல் எதையும் தரவில்லை என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

பெரிய கோளாறு தலைக்கணக்கில். ஆளுக்கு 128 ஏக்கர் என்று கணக்கு. நிலம் அளந்தபோது வேட்டைக்குப் போனவர்களும் அதுவரை சேராதவர்களும் விடுபட்டால், 60 பேருக்கு 7,680 ஏக்கர் போய்விடும். இப்படி விடுபட்ட நிலத்துக்காகத்தான் 1992-இல் சாஸ்கட்டூன் இருக்கும் சாஸ்கச்சுவான் மாகாணத்தில் தனி ஒப்பந்தம் போட்டார்கள். ஒரு குழுவின் ஒதுக்கு நிலத்தைப் பற்றி மகன் படிக்கும்போது மூன்றைப் பார்க்கச் சொல்லுங்கள்: சேர்ந்த ஆண்டு, நிலம் அளந்த ஆண்டு, அந்த 5 டாலரை வழங்கிய அன்றைய பணப்பட்டுவாடாப் பட்டியலில் இருந்த பெயர்கள்.