ஷூ லேஸ் பலகைக்குக் காப்புரிமை கிடைக்குமா?

கேள்வி: நான் எல்.கே.ஜி. டீச்சர். ஷூ லேஸ் கட்டப் பழக்க, பாத வடிவில் ஒரு மரப்பலகை செய்திருக்கிறேன். லேஸில் பாதி சிவப்பு, பாதி நீலம். முதல் வளையம் நழுவாமல் நிற்க பலகையில் ஒரு சின்னப் பிளவு. ஓரத்தில் செய்முறைப் படங்கள். ‘இது யாருக்கும் தோன்றுவதுதானே, காப்புரிமை எப்படித் தருவார்கள்?’ என்கிறார் கணவர். அப்படியா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் வீட்டுக்காரர் சொல்வது முக்கால்வாசி சரி. பலகை, துளை, இரண்டு நிறம் எல்லாம் பழசு. மாண்டிசோரி வகுப்புகளில் ரிப்பன் முடிச்சு பழக்கும் மரச்சட்டத்தைப் பார்த்திருப்பீர்களே, அதிலேயே இரண்டு பக்கமும் வேறு வேறு நிறம் வைப்பதுண்டு. தெரிந்த பொருள்களை ஒன்றாக அடுக்கி, அதது தன் பழைய வேலையைத் தனியாகச் செய்தால், 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவில் அடிபட்டுப்போகும். படங்களுக்கு 3(என்): தகவலைக் காட்டும் விதத்துக்குக் காப்புரிமையே கிடையாது.

பிளவை மட்டும் அப்படித் தள்ளிவிட முடியாது. இடது கை வளையத்தைப் பிடித்திருக்க, வலது கை மறுமுனையைச் சுற்றிக் கொண்டுவருவதற்குள் பிடி தளர்ந்து வளையம் அவிழ்ந்துவிடும், குழந்தை அழும். அந்த இடத்தில் உங்கள் பிளவு மூன்றாவது கையாக நிற்கிறது. இந்தத் துறையில் பழகிய, முன்பு வந்ததையெல்லாம் அறிந்த ஒருவருக்கு உங்கள் பலகையைக் காணாமலே இது தோன்றியிருக்குமா என்றுதான் பார்ப்பார்கள். பார்த்தபின் ‘அட, இவ்வளவுதானா’ என்பதெல்லாம் செல்லாது (கணவரிடம் சொல்லுங்கள்!). அதற்காகத் துள்ளவும் வேண்டாம். பாத்திரத்தை லேத்தில் கடையும்போது பிடித்துவைக்கும் கருவி பற்றிய பிஸ்வநாத் பிரசாத் வழக்கில், வெறும் பட்டறை மேம்பாடு (கைதேர்ந்த தொழிலாளி வழக்கமாகச் செய்துகொள்ளும் சின்ன மாற்றம்) போதாது, பழையவற்றைச் சேர்த்தால் புதிய பலனோ முன்னைவிட நல்ல அல்லது மலிவான பொருளோ வரவேண்டும் என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் காப்புரிமையும் போயிற்று.

ஆகவே உரிமைக்கோரிக்கையை, அதாவது விண்ணப்பத்தில் எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்ற பகுதியை, பிளவின் மேல் எழுதும்படி பேட்டன்ட் ஏஜென்டிடம் (விண்ணப்பம் தயாரித்துத் தருபவர்) சொல்லுங்கள், நிறத்தின் மேல் வேண்டாம். முதலில் கூகுள் பேட்டன்ட்ஸிலும் நம் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தளத்திலும் தேடுங்கள். பயிற்சி ஷூவில் வளையத்தை கிளிப்பால் பிடித்துவைத்த யாராவது அகப்பட்டால், கிளிப்புக்குப் பதில் பிளவு, அதனால் இது புதிது என்று வாதாடுவது கஷ்டம்.

அப்புறம், விண்ணப்பிக்கும்வரை வாட்ஸ்அப்பிலோ பள்ளிக் கண்காட்சியிலோ காட்டாதீர்கள். அமெரிக்காவில் வெளியே காட்டியபிறகும் விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம் உண்டு, இங்கே அந்தத் தாராளம் இல்லை. தனிநபர் ஆன்லைனில் தற்காலிக விண்ணப்பம் போட 1,600 ரூபாய்தான், கண்டுபிடிப்பை முழுதாக விளக்கும் விவரக்குறிப்பை 12 மாதத்துக்குள் கொடுக்கலாம். ஏற்கெனவே பெற்றோர் முன்னால் காட்டியிருந்தால் அதை பேட்டன்ட் ஏஜென்டிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.