மார்க்க ஐயங்கள்: பக்கத்து வீட்டாரின் பாத்தியதை

கேள்வி: வீட்டை விற்கப் போகிறேன். ஒட்டுச்சுவர்க்காரர் தனக்குத்தான் தர வேண்டும் என்கிறார். வெளியார் ஒருவர் இரண்டு லட்சம் கூடுதலாகத் தருகிறார். அண்டை வீட்டாருக்கு முன்னுரிமை உண்டா?

பதில்: ஃபிக்ஹு (இஸ்லாமியச் சட்ட) நூல்களில் இதற்கு 'ஷுஃப்ஆ' என்று பெயர். ஷாஃபிஈ மத்ஹபில் (சட்டப் பிரிவில்) இந்த உரிமை பிரிக்கப்படாத சொத்தின் கூட்டுப் பங்காளிக்கு மட்டுமே. சுவர் ஒட்டியிருப்பதால் மட்டும் கிடைக்காது. ஹனஃபி மத்ஹபில் முதலில் கூட்டுப் பங்காளி, அடுத்து பாதையிலோ தண்ணீரிலோ பங்குள்ளவர், மூன்றாவதாக ஒட்டியிருக்கும் வீட்டுக்காரர். இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இது விலையைக் குறைத்துக் கேட்கும் உரிமை அல்ல. வெளியார் என்ன விலைக்கு வாங்கினாரோ அதே விலையை வைக்க வேண்டும். விற்பனைச் செய்தி காதில் விழுந்ததுமே கோர வேண்டும். அதன்பின் சாட்சிகளை வைத்து மறுபடியும் உறுதிப்படுத்த வேண்டும். 'பார்த்துக்கொள்ளலாம்' என்று நாள் கடத்தினால் உரிமை போய்விடும். நீதிமன்றத்தில் இதை நம்பிப் பயனில்லை. இந்த உரிமையைச் சென்னை உயர் நீதிமன்றம் ஆங்கிலேயர் காலத்திலேயே சட்டமாக ஏற்க மறுத்துவிட்டது. ஊர் வழக்கமாக நிலவிய மலபார் போன்ற இடங்கள் மட்டும் விலக்கு.

சட்டம் இவ்வளவுதான். ஆனால் புகாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் வரும் ஒரு நிகழ்வையும் பாருங்கள். நபி (ஸல்) அவர்களால் விடுதலை செய்யப்பட்ட அபூராஃபிஉ (ரலி) அவர்களுக்கு, ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களின் வளாகத்துக்குள் இரண்டு அறைகள் இருந்தன. ஸஅத் தருவதாகச் சொன்னது நாலாயிரம் திர்ஹம், அதுவும் தவணையில். வெளியே ஐந்நூறு தீனார் ரொக்கமாகக் கேட்பு இருந்தது. அக்கால மாற்று விலைப்படி ஒரு தீனார் பத்து திர்ஹம் என்று வைத்தால் ஆயிரம் திர்ஹம் நஷ்டம். அண்டை வீட்டாருக்கே நெருக்கத்தால் உரிமை அதிகம் என்று நபியவர்கள் சொல்லக் கேட்டிராவிட்டால் கொடுத்திருக்கமாட்டேன் என்று சொல்லியே ஸஅதிடம் விற்றார். இது அவராக மனமுவந்து விட்டுக்கொடுத்தது. உங்கள் ஒட்டுச்சுவர்க்காரர் இதைக் காட்டி உங்களிடம் இரண்டு லட்சத்தை விட்டுத்தரச் சொல்ல முடியாது. நீங்கள் செய்ய வேண்டியது, வெளியாரிடம் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பு கடைசி விலையை ஒட்டுச்சுவர்க்காரரிடம் சொல்லி, பதினைந்து நாளோ ஒரு மாதமோ அவகாசம் கொடுப்பது. பத்திரம் பதிந்த பிறகு சொன்னால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

கேள்வி: எங்கள் சுவரில் பக்கத்து வீட்டார் ஏசி மாட்டக் கேட்கிறார்கள். மறுக்கலாமா?

பதில்: தன் சுவரில் மரம் பதிக்க அண்டை வீட்டாரைத் தடுக்க வேண்டாம் என்ற ஹதீஸ் புகாரி, முஸ்லிம் என்ற இரு தொகுப்புகளிலும் உள்ளது. சுவருக்குச் சேதமில்லை, கேட்பவருக்கும் தேவை என்றால் இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்பது ஹன்பலி மத்ஹபின் நிலை. மற்ற அறிஞர்களில் பெரும்பாலோர், கொடுப்பது சிறப்பு, ஆனால் உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்கிறார்கள். ஆகவே கேளாமல் துளை போடக் கூடாது. அனுமதி கொடுத்தாலும் தண்ணீர் உங்கள் முற்றத்தில் சொட்டக் கூடாது, வெப்பக் காற்று உங்கள் ஜன்னலுக்குள் வீசக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கெடுதி செய்வதும் இல்லை, பதிலுக்குக் கெடுதி செய்வதும் இல்லை என்பதுதான் இங்கே விதி.

கேள்வி: கொடுத்த கடனைத் திருப்பாததால் மச்சானோடு எட்டு மாதமாகப் பேச்சில்லை. வாட்ஸ்அப்பில் ஸலாம் அனுப்பினேன், பதில் இல்லை. என் மேல் குற்றம் இருக்கிறதா?

பதில்: சகோதரரை மூன்று நாளுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது கூடாது, இருவரில் ஸலாமை முந்திச் சொல்பவரே சிறந்தவர் என்று நபியவர்கள் சொன்னதாக அபூ அய்யூப் (ரலி) அறிவிக்கிறார்கள். திங்களும் வியாழனும் அமல்கள் (செயல்கள்) இறைவனிடம் எடுத்துக்காட்டப்படும்போது, பகைத்திருக்கும் இருவரின் விஷயம் மட்டும் அவர்கள் இணங்கும்வரை நிறுத்தி வைக்கப்படும் என்று முஸ்லிமில் வருகிறது. அந்த இரு நாளும் நோன்பு வைத்துக்கொண்டே பேச்சை நிறுத்தி வைத்திருப்பவர்கள் நம் தெருக்களில் உண்டு!

மூன்று நாள் கடந்ததும் ஸலாம் சொன்னால், பதில் சொன்னவரும் நன்மையில் கூட்டாவார். சொல்லாவிட்டால் பாவம் அவர் மேல், ஸலாம் சொன்னவர் குற்றத்திலிருந்து நீங்கிக்கொண்டார் என்று அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. தூரத்தில் இருப்பவருக்குக் கடிதமோ ஆளோ அனுப்பினாலும் குற்றம் நீங்கும் என்பதையே ஷாஃபிஈ அறிஞர் இமாம் நவவி சரியான கருத்தாகச் சொல்கிறார்கள். மச்சான் துபாயில் இருந்தால் உங்கள் வாட்ஸ்அப் போதும். அடுத்த தெருவில் இருந்துகொண்டு ஸ்டிக்கர் அனுப்பினால் எப்படி? ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது நேரில் சொல்லுங்கள்.

அன்றைக்கே கடனை எடுக்காதீர்கள். ஸலாம் சொன்னதால் கடன் தள்ளுபடியாகாது, அந்தப் பயமும் வேண்டாம். சில நாள் கழித்து இருவரும் மதிக்கும் ஒருவரை வைத்து, தொகையையும் தவணைத் தேதிகளையும் எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதச் சொல்வது குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம்; வசதியில்லாதவருக்கு அவகாசம் தரச் சொல்வது 280. இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும். நடுவில் போகிறவர் 'அவர் உங்களை நல்லவிதமாகத்தான் சொன்னார்' என்று கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும், சமாதானத்துக்காக என்றால் அது பொய்யில் சேராது. தொகையில் மட்டும் கூட்டக் கூடாது.

கேள்வி: இரவு பயான் (மார்க்கச் சொற்பொழிவு) முழுவதும் வெளி ஒலிபெருக்கியில் போகிறது. ஆட்சேபித்தால் 'தீன் (மார்க்கத்தின்) எதிரி' என்கிறார்கள்.

பதில்: பள்ளிவாசலுக்குள் சத்தமாக ஓதியவர்களிடமே, ஒருவருக்கொருவர் தொல்லை தரவேண்டாம் என்று நபியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வெளி ஒலிபெருக்கி பாங்குக்கு. பயானுக்கு உள் ஒலிபெருக்கி போதும்.

கேள்வி: பிறமதப் பக்கத்து வீட்டாருக்குக் குர்பானி (பக்ரீத் பலி) இறைச்சி கொடுக்கலாமா?

பதில்: ஹனஃபி மத்ஹபில் கூடும். ஷாஃபிஈ மத்ஹபின் பிற்கால நூல்கள் கூடாது என்கின்றன. ஆனால் அந்த விவாதம் குர்பானிக்கு மட்டும்தான். அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) தம் வீட்டில் ஆடு அறுத்தபோது, 'நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா?' என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். உங்கள் பக்கத்து வீட்டார் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களா, சைவமா என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். பெருநாளன்று தனிப் பாத்திரத்தில் செய்த வட்டிலப்பமும் அன்பளிப்புதான். அண்டை வீடு என்பது நாற்பது வீடு வரை என்று வரும் அறிவிப்புகள் பலவீனமானவை. ஆணத்தில் (குழம்பில்) தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரைக் கவனிக்கச் சொன்னது முஸ்லிமில் உள்ளது. ஒரு கிண்ணம்தான் இருக்கிறது, இரண்டு வீடு என்றால்? ஆயிஷா (ரலி) இதையே கேட்டார்கள். எந்த வீட்டு வாசல் நெருக்கமோ அதற்கு என்பதே பதில். கணக்கு வாசலை வைத்துத்தான், சுவரை வைத்து அல்ல.