தினமும் பையோடு கிளம்புகிறேன், போவதற்கு அலுவலகம் இல்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 44. ஒரே நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் 16 வருடம் வேலை பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன்பு புதிய மேலாளர் வந்தார். கூட்டங்களில் எல்லார் முன்னாலும் மட்டம் தட்டினார். என் கையில் இருந்த வேலைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மற்றவர்களிடம் கொடுத்தார். கடைசியில் ஆட்குறைப்புப் பட்டியலில் என் பெயர் இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஏழு வாரம் ஆகிறது. மனைவிக்கு மட்டும்தான் தெரியும். அப்பா அம்மாவும் 13 வயது மகனும் எங்களோடு இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை. காலையில் சாப்பாட்டுப் பையோடு கிளம்பி, நூலகத்திலோ பூங்காவிலோ உட்கார்ந்துவிட்டு சாயங்காலம் திரும்புகிறேன். விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. மேலாளர் பேசியதெல்லாம் வரிசையாக ஓடுகிறது. ஒரு நேர்காணலில், ‘ஏன் அங்கிருந்து வந்தீர்கள்?’ என்று கேட்டார்கள். ஆரம்பித்தவன் பத்து நிமிடம் நிறுத்தவே இல்லை. எதிரே இருந்தவர்களின் முகம் மாறியதைப் பார்த்தேன். மனைவி எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறேன். நான் நிஜமாகவே திறமை இல்லாதவன்தானா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு காயம் ஆறுவதற்குள் அதே இடத்தில் அடுத்த அடி விழுந்திருக்கிறது. இரண்டு வருடமாக உங்கள் மதிப்பைத் தேய்த்தார்கள். பிறகு வேலையும் போனது. இப்படி நடக்கும்போது, ‘அவர் சொன்னது சரிதான், அதனால்தான் அனுப்பினார்கள்’ என்று மனம் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும். அந்த முடிச்சை அவிழ்க்க ஒரு தாள் போதும். இடது பக்கம் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: எந்த வேலை, எப்போது, என்ன முடிவு. வலது பக்கம் அதைப் பற்றி அவர் சொன்ன சொற்கள். அவர் வருவதற்கு முந்தைய 14 வருடங்களையும் இடது பக்கத்தில் சேருங்கள். உண்மையிலேயே உங்களிடம் குறை ஒன்று தென்பட்டால், உதாரணமாக ஒரு மென்பொருளைக் கற்காமல் தள்ளிப்போட்டிருந்தால், அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அது கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு விஷயம்; ஒரு மனிதரைப் பற்றிய தீர்ப்பாக அதை மாற்ற வேண்டாம்.

உங்களை இப்போது அதிகம் களைக்க வைப்பது வேலை இல்லாததைவிட, இருப்பதாகக் காட்டிக்கொள்வதுதான் என்று நினைக்கிறேன். நாள் முழுக்க ஒளிந்திருப்பவருக்கு யாரிடமும் வேலை கேட்க முடியாது. பழைய சகாக்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் கூடச் செய்தி வீட்டுக்கு வந்துவிடுமோ என்ற பயம் இருக்கும். மனைவியோ, ரகசியத்தையும் உங்கள் கோபத்தையும் சேர்த்துச் சுமக்கிறார்.

ஆகவே முதலில் வீட்டில் சொல்லுங்கள். அதற்கு முந்தைய நாள் மனைவியோடு உட்கார்ந்து, கையிருப்பையும் வேலை முடிந்தபோது வந்த தொகையையும் கூட்டி, மாதத்தின் தவிர்க்க முடியாத செலவால் வகுத்துப் பாருங்கள். எத்தனை மாதம் தாங்கும் என்ற எண் கிடைக்கும். அது சிறிய எண்ணாக இருந்தாலும், இருட்டில் கற்பனை செய்வதைவிடத் தெரிந்திருப்பது நல்லது. சொல்லும்போது மூன்று வாக்கியம் போதும்: வேலை போய்விட்டது, வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன், இத்தனை மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது. ஏழு வாரம் மறைத்ததற்கு ஒரு வரியில் வருத்தம் தெரிவியுங்கள். மகனுக்குப் பள்ளி மாறுமா, வீடு மாறுமா என்பதுதான் முதல் கவலையாக இருக்கும். ‘ஒன்றும் ஆகாது’ என்று பூசி மெழுகாதீர்கள்; அந்த வயதில் பிள்ளைகள் முகத்தைப் படித்துவிடுவார்கள். எது மாறாது, எது இன்னும் தெரியாது என்று பிரித்துச் சொல்லுங்கள். பெரியவர்கள் அழலாம், கோபப்படலாம். அன்றிரவே எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

அடுத்தது அந்த நேர்காணல். அமெரிக்காவில் வேலையிழந்த பொறியாளர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 1994இல் வெளிவந்தது. வேலை போனதைப் பற்றிய தங்கள் ஆழமான எண்ணங்களையும் உணர்வுகளையும் ஒரு பகுதியினர் தினம் 20 நிமிடம், ஐந்து நாள் எழுதினார்கள். அப்படி எழுதாதவர்களைவிட அவர்களுக்குச் சீக்கிரம் வேலை கிடைத்தது. இத்தனைக்கும் அவர்கள் கூடுதலாக விண்ணப்பக் கடிதங்கள் அனுப்பவில்லை. கோபத்தைத் தாளில் ஓரளவு தீர்த்துக்கொண்டதால் அது நேர்காணலில் வந்து கொட்டவில்லை என்பது ஆய்வாளர்களின் ஊகம். உங்கள் பத்து நிமிடம் எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரிகிறதல்லவா?

நீங்களும் எழுதுங்கள். பிழை திருத்த வேண்டாம். யாருக்கும் காட்டவும் வேண்டாம். நடந்த சம்பவத்தை மட்டும் அடுக்காமல், அப்போது என்ன தோன்றியது, இப்போது என்ன தோன்றுகிறது என்பதையும் எழுதுங்கள். எழுதி முடித்ததும் கொஞ்ச நேரம் மனம் கனக்கும், அது இயல்பு. கனம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டு, ஓர் ஆலோசகரின் துணையோடு தொடருங்கள். தூங்கப் போகும் நேரத்தில் மட்டும் எழுத வேண்டாம்.

பிறகு நேர்காணலுக்கான பதில். ‘நிறுவனத்தில் ஆட்குறைப்பு நடந்தது, என் பதவியும் அதில் போனது. 16 வருடம் கொள்முதலில் இன்னின்ன பொறுப்புகளைப் பார்த்தேன். அந்த அனுபவம் இந்த வேலைக்கு இப்படிப் பயன்படும்.’ முப்பது விநாடிக்கு மேல் போகக் கூடாது. கைபேசியில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். தடுக்கி விழும் இடம் எது தெரியுமா? பதிலுக்குப் பின் வரும் மௌனம். அதை நிரப்பத்தான் பழைய கதை கிளம்பும். அவர்கள் அடுத்த கேள்வி கேட்கும்வரை காத்திருங்கள். மேலாளரைப் பற்றித் துருவினால், ‘கடைசி இரண்டு வருடத்தில் பொறுப்புகள் மாற்றி அமைக்கப்பட்டன’ என்பதே உண்மையும் ஆகும், போதுமானதும் ஆகும்.

தூக்கத்துக்குச் சில விதிகள். எப்போது தூங்கினாலும் எழும் நேரம் ஒன்றாகவே இருக்கட்டும். 3 மணிக்கு விழித்தால் கடிகாரம் பார்க்காதீர்கள். 20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொக்கியதும் படுங்கள். படுக்கையிலேயே புரண்டால், படுக்கை என்றாலே கவலை என்று உடல் பழகிவிடும். மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம். மது சீக்கிரம் தூங்க வைத்தாலும் பின்னிரவுத் தூக்கத்தைக் கலைக்கும்.

நீங்கள் எழுதவில்லை என்றாலும் கேட்கிறேன்: ‘நான் இல்லாமல் போனால் நன்றாக இருக்கும்’ என்ற எண்ணம் வருகிறதா? வந்தால் இன்றே மனைவியிடம் சொல்லி, மனநல மருத்துவரைப் பாருங்கள், தனியாக இருக்காதீர்கள். அப்படி இல்லாவிட்டாலும், இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனச்சோர்வும் எதிலும் நாட்டமின்மையும் நீடித்தாலும் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும்.

கடைசியாக, உங்கள் பகல் பொழுது. 1930களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் மரியென்தால் என்ற ஊரில் ஆலை மூடப்பட்டு, ஊரே வேலையிழந்தது. அங்கே ஆய்வு செய்தவர்களில் ஒருவர் மரீ யஹோடா. கைநிறைய நேரம் இருந்தும் ஊர் நூலகத்தில் மக்கள் புத்தகம் எடுப்பது குறைந்துபோனதை அந்தக் குழு பார்த்தது. சம்பளத்தோடு நாளின் ஒழுங்கு, வெளி மனிதர்களின் பழக்கம், பொதுவான ஒரு நோக்கம், சமூகத்தில் ஓர் இடம், கைக்கு வேலை ஆகியவற்றையும் ஒரு வேலை தருகிறது என்று யஹோடா பின்னாளில் விளக்கினார். இவற்றில் ஒன்று இரண்டையாவது சம்பளம் இல்லாமலே மீட்கலாம். காலையில் இரண்டு மணி நேரம் விண்ணப்பங்கள், தினம் ஒரு பழைய சகாவுக்கு அழைப்பு, அரை மணி நேர நடை. நாள் முழுக்க வேலை தேடாதீர்கள். மறுப்புகள் குவிந்து இரண்டே வாரத்தில் விட்டுவிடுவீர்கள்.

வீட்டில் சொன்ன மறுநாளும் அதே பையோடு நூலகத்துக்கே போங்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், நூலகத்துக்கு என்று மகனிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.