நோயும் நித்திரையும்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

வணக்கம். வன்னி ஆஸ்பத்திரிகளில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள் நான், டொக்டர் அல்ல. வருத்தத்துக்கும் நித்திரைக்கும் உள்ள தொடர்பு பற்றி எதுவும் கேட்கலாம். ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பாதீர்கள். ஒருவருக்கு எழுதிக்கொடுத்த நித்திரைக் குளிசையை இன்னொருவர் போடலாமா என்றும் கேட்காதீர்கள். கூடாது.

மாங்குளத்திலிருந்து ஒரு தாய்: அக்கா, காய்ச்சல் வந்தால் மகன் நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறான். எழுப்பிச் சாப்பாடு கொடுக்கவா, அப்படியே விடவா?

விடுங்கள் தங்கச்சி. அது சோம்பல் இல்லை, உடம்பு தானே கேட்டு வாங்கும் நித்திரை. கிருமியோடு மல்லுக்கட்டும்போது உடம்பில் சுரக்கும் சில பொருட்கள் மூளைக்குப் போய் ஆழ்ந்த நித்திரையைக் கூட்டுகின்றன. அந்த நேரம் சோற்றைத் திணிப்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை, விழிக்கும்போதெல்லாம் கஞ்சி, இளநீர், ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த கரைசல்) என்று ஏதாவது குடிக்கக் கொடுத்தால் போதும். நித்திரை குறைந்தால் என்ன நடக்கும் என்பதை ஆட்களை வைத்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 164 பேரின் மூக்கில் தடிமன் வைரஸை விட்டுப் பார்த்த ஆய்வு 2015 இல் வெளிவந்தது. இரவில் 6 மணித்தியாலத்துக்குக் குறைவாகப் படுத்தவர்களுக்குத் தடிமன் பிடிக்கும் வாய்ப்பு, 7 மணித்தியாலத்துக்கு மேல் படுத்தவர்களைவிட 4 மடங்குக்கும் அதிகமாக இருந்தது. 2002 இல் வந்த இன்னொன்றில், சில இரவுகள் 4 மணித்தியாலமே படுக்கவிட்டு இன்புளுவென்சா தடுப்பூசி போட்டார்கள். 10 நாள் கழித்துப் பார்த்தால், அவர்கள் உடம்பில் உண்டான எதிர்ப்புச் சக்தி மற்றவர்களுடையதில் பாதிகூட இல்லை.

ஆனால் மாரி காலத்தில் ஒரு விஷயத்தில் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். டெங்கில் ஆபத்தான நேரம் காய்ச்சல் கொதிக்கும் நேரமில்லை, அது இறங்கும் நேரம். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ உடம்பு குளிர்ந்துவிடும், வீட்டில் எல்லோரும் "அப்பாடா, விட்டுது, பிள்ளை நல்லா நித்திரை கொள்ளுது" என்று நிம்மதியாகி விடுவார்கள், உள்ளே இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்துகொண்டிருக்கும். ஆகவே எழுப்பிப் பாருங்கள். கண்ணைத் திறந்து, ஏன் எழுப்பினாய் என்று எரிந்து விழுந்து, நாலு மிடறு குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்தால் நல்லது. எழுப்பவே கடினமாக இருந்தால், பேச்சுக் குழம்பினால், கை கால் சில்லிட்டால், வயிறு நொந்தால், சத்தி நிற்காவிட்டால், எங்காவது இரத்தம் கசிந்தால், 6 மணித்தியாலமாகச் சலம் போகாவிட்டால், அது நித்திரை இல்லை. விடியும்வரை பார்க்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும்தான், புரூபனும் அஸ்பிரினும் வேண்டாம்.

புதுக்குடியிருப்பு: மாமிக்குக் கொடுத்த நித்திரைக் குளிசையில் பாதியை...

இல்லை. கால்வாசியும் இல்லை.

நெடுங்கேணி: அன்ரி, காலபோக நெல் வெட்டு முடியும்வரை அப்பா இரவிரவாக யானைக் காவல். சாப்பாட்டில் ஒரு மாற்றமும் இல்லை, ஆனால் ஒவ்வொரு தை மாதமும் கிளினிக்கில் சீனி ஏறிவிட்டது என்று ஏச்சு வாங்குகிறார்.

நல்ல கேள்வி தம்பி. இதைக் கிளினிக்கில் யாரும் கேட்பதுமில்லை, நீங்கள் சொல்வதுமில்லை. 1999 இல் வெளிவந்த சிக்காகோ ஆய்வொன்றில் ஒரு வருத்தமும் இல்லாத இளந்தாரிகள் 11 பேரை ஆறு இரவு 4 மணித்தியாலம் மட்டும் படுக்கவிட்டார்கள். அதற்குள்ளேயே அவர்கள் உடம்பு சீனியைக் கையாளும் விதம், நீரிழிவு தொடங்குகிற ஆளுடையதைப் போல ஆகிவிட்டது. அப்படியென்றால் ஏற்கெனவே சீனி உள்ள மனுசன் மார்கழி, தை முழுக்கப் பரணில் குந்தியிருந்தால் ஏறாமல் என்ன செய்யும்? இன்சுலின் இருந்தும் சரியாக வேலை செய்யாது.

காவலை விடு என்று நான் சொல்லப் போவதில்லை, ஒரே இரவில் மூன்று ஏக்கரை மிதித்துவிட்டுப் போகும் யானைக்கு என் புத்திமதி கேட்காது. பக்கத்து வயல்காரருடன் முறை வையுங்கள். ஒருவர் நடுச்சாமம் வரை, மற்றவர் அதற்குப் பிறகு. முக்கியமாக முறையை நாளுக்கு நாள் மாற்றாதீர்கள், உடம்பு ஒரு நேரத்துக்குப் பழகிவிட்டால் ஓரளவு சமாளிக்கும். விடிந்து வந்து வெளிவிறாந்தையில் வெயிலடிக்கப் படுக்காமல் உள்ளறையில் யன்னலை மறைத்து, போனை நிறுத்திப் படுக்க வேண்டும். பிளாஸ்கில் கொண்டுபோகும் தேத்தண்ணியில் எத்தனை கரண்டி சீனி, கூடவே எத்தனை பிஸ்கட் என்று பாருங்கள். "சாப்பாட்டில் மாற்றமில்லை" என்று நீங்கள் சொல்வதில் அது சேர்ந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். குளிசை நேரத்தை நீங்களாக மாற்ற வேண்டாம், இரவு முழித்திருக்கும் ஆள் என்று டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்பாவின் சட்டைப் பையில் நாலு டொபி இருக்கட்டும். நடுங்கி வேர்த்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கியிருக்கலாம், யானையைக் கண்ட பயம் என்று நினைக்காமல் அதை வாயில் போடட்டும்.

இன்னொன்று. காவல் குடிலில் நிலத்தில் படுக்கக் கூடாது. கட்டுவிரியன் இரவில் நித்திரையில் இருப்பவரைத்தான் பெரும்பாலும் கடிக்கும், கடித்த இடம் பலருக்கு நோகவே நோகாது, தடம்கூடத் தெரியாது. விடியப்புறம் வயிற்றுவலி, பிறகு கண்மடல் சரிந்து விழும். பார்க்கிறவர்கள் நித்திரைத் தூக்கம் என்று நினைப்பார்கள், சில வீடுகளில் "படுக்க விடாதே" என்று கன்னத்தில் தட்டித் தட்டி முழிக்க வைத்துக்கொண்டிருப்பார்கள். அது நரம்பில் விஷம் ஏறித் தசை செயலிழப்பது, அடுத்தது மூச்சு. முழிக்க வைப்பதால் விஷம் இறங்காது, வாகனத்தைப் பிடியுங்கள். நிலத்தில் படுத்தே ஆகவேண்டும் என்றால் நுளம்பு வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டுப் படுங்கள்.

பெயர் வேண்டாம்: அம்மாவுக்கு வயிற்றில் ஒப்பரேசன் முடிந்து வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறோம். பக்கத்துக் கோயிலில் விடிய நாலரைக்கு ஒலிபெருக்கி. காயம் ஆற நித்திரை அவ்வளவு முக்கியமா அக்கா?

முக்கியம். இழையங்களைத் திருத்துவதற்கு உதவும் வளர்ச்சி ஓமோன் ஆழ்ந்த நித்திரையில்தான் கூடுதலாகச் சுரக்கும். நித்திரை இல்லாத ஆளுக்கு அதே காயம் கூட நோகும், கூட நொந்தால் நித்திரை வராது, இப்படியே சுற்றும். போடச் சொன்ன நேரத்தில் நோக்குளிசையைக் கொடுங்கள், பின்பக்க அறைக்கு மாற்றுங்கள், கோயிலில் போய்ப் பேசுங்கள்.

கோயில் சபை ஆள் ஒருவர்: காலங்காலமாக இருக்கிற வழக்கத்தை மாற்றச் சொல்ல நீங்கள் யார்? மணியோசையும் பாட்டும் வருத்தக்காரருக்கு மன ஆறுதல்.

அண்ணா, மணியைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. என் அம்மாவும் மணி கேட்டுத்தான் எழும்புவா. பனைமரத்தில் கட்டிய நாலு குழாய் காலங்காலமான வழக்கம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

விசுவமடு: சரியாகச் சொன்னீர்கள் அக்கா, இங்கே கோயிலுக்குப் போட்டியாகச் சனசமூக நிலையத்திலும் கட்டியிருக்கிறார்கள்.

சபை ஆள்: அப்படியானால் மற்ற மதத்தவரிடம் போய்ச் சொல்லுங்களேன்!

சொல்கிறேன், எல்லோருக்கும்தான் சொல்கிறேன். 2007 இல் வெலிகமை வழக்கொன்றில் உயர் நீதிமன்றம் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்றது, விசேட நாட்களுக்கு மட்டும் விதிவிலக்கு வைத்தது. அந்த வழக்கு உங்கள் கோயிலைப் பற்றியது இல்லை, பள்ளிவாசல் பற்றியது. கட்டளை எல்லோருக்கும் பொது. உலக சுகாதார நிறுவனம் நோயாளர் படுக்கும் அறையில் இரவு 30 டெசிபல்தான் இருக்கலாம் என்கிறது, மெல்லக் குசுகுசுத்தாலே அவ்வளவு வந்துவிடும். வாட்டுகளிலும் நாங்கள் அதைக் காப்பாற்றவில்லை, டிரொலிச் சில்லு கிறீச்சிட்டே பாதிப்பேர் முழித்துவிடுவார்கள். திருவிழாப் பத்து நாளைப் பற்றி நான் கதைக்கவில்லை. வருடம் முழுக்க, நாலரைக்கு, முழுச் சத்தத்தில் என்பதைத்தான் கேட்கிறேன். குழாயை உள்வீதிப் பக்கம் திருப்பி ஆறு மணிக்குப் போட்டால் அம்மன் கோபிக்க மாட்டா. இதற்கு மேல் எழுதினால் பதில் சொல்ல மாட்டேன், வேறு ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

முள்ளிவாய்க்கால் பக்கம்: அம்மா 2009 க்குப் பிறகு இரவில் கத்திக்கொண்டு எழும்புவா. வயது போகப் போகக் கூடுகிறது. பிரஷரும் இறங்குவதில்லை.

அம்மாவின் இரண்டு கஷ்டத்தையும் ஒன்றாகவே பாருங்கள் தங்கச்சி. நித்திரை முறிந்துகொண்டே இருந்தால் இரவில் இறங்க வேண்டிய பிரஷர் இறங்காது. கத்தும்போது உலுப்பி எழுப்பாதீர்கள், விளக்கைப் போட்டு, பெயர் சொல்லி, இது வீடு, நான் உன் மகள் என்று மெல்லச் சொல்லுங்கள். என்ன கனவு என்று நோண்ட வேண்டாம். மாவட்ட ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், இத்தனை வருடம் கழித்தும் குணப்படுத்தலாம், விசர் என்று எழுதிவிட மாட்டார்கள். முதலில் போனில் கதைத்துப் பார்க்க விரும்பினால் 1926, அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். வேண்டுமென்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள்.

வவுனியா: அவர் குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்று திரும்ப இழுக்கிறார், பகலில் மோட்டார் சைக்கிளில் தூங்குகிறார்.

டொக்டரிடம் இந்த வசனத்தை அப்படியே சொல்லுங்கள், இந்தக் கிழமையே. அதுவரை பின்சீட்டில் அவர் இருக்கட்டும்.

கிளிநொச்சி: பிரிட்டன் (Piriton) குளிசை நித்திரைக்கு நல்லதாம், போடலாமா?

இன்னொரு கிளிநொச்சி: பிரிட்டன் பாதி?

மேலே வாசித்துவிட்டுக் கேளுங்களேன்! அது ஒவ்வாமைக்கான மருந்து, தூக்கம் அதன் பக்கவிளைவு. வயதானவர்களுக்குத் தலை சுற்றும், சலம் அடைக்கும், இரவில் எழும்பி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டு வருவார்கள்.

பூநகரி: என் மாடு இரவில் படுப்பதில்லை.

மிருக வைத்தியர்.

ஒட்டுசுட்டான்: எட்டு மணிக்கு ஒரு பிளேன்டீ குடித்தால் என்ன குறைந்துவிடும்?

அதிலுள்ள கஃபீன் பாதியாகக் குறையவே பெரும்பாலானவர்களுக்கு ஐந்து மணித்தியாலம் எடுக்கும், கணக்கைப் பாருங்கள். பின்நேரம் மூன்றுக்குக் குடித்து முடியுங்கள். பிரிட்டன் கேட்ட இரண்டு பேரும்தான்.